கொடுமைக்கு ஆயிரம் காரணம்

'மிகையுணர்ச்சி' என்ற சொல் கொஞ்ச நாளாகவே எனக்கு எரிச்சலைத் தருகிறது. ஒரு கதையில் ஒருத்தன் இன்னொருத்தனை அடித்துக் கொன்றால் அது அப்பட்டமான யதார்த்தம். குழந்தையைக் கொன்றால் மனித மனத்தின் அடியாழம். அதே கதையில் ஒருத்தி முன்பின் தெரியாதவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டுவிட்டால் போச்சு, 'ஆசிரியர் சற்று மிகையுணர்ச்சிக்கு ஆட்பட்டுவிட்டார்' என்று மதிப்புரை வந்துவிடும். கொலைக்கு யாரும் ஆதாரம் கேட்பதில்லை. சோற்றுக்குக் கேட்கிறார்கள்.

இந்த ரசனைக்குக் கீழே ஒரு தத்துவம் இருக்கிறது. மனுஷன் அடிப்படையில் கொடூரமானவன், நாகரிகம் என்பது மேல்பூச்சு, நகத்தால் சுரண்டினால் விலங்கு தெரியும், கருணை அந்தப் பூச்சின் பளபளப்பு. இருபத்திரண்டு வயதில் இதை முதல்முறை கேட்கும்போது பெரிய ஞானம் கிடைத்த மாதிரி இருக்கும். நண்பர்கள் மத்தியில் சொன்னால் ஒரு கெத்து வேறு. என் கட்சி, இது ஞானம் இல்லை, சோம்பேறித்தனம் என்பது. கொடுமை ஆழமானது, நன்மை மேலோட்டமானது என்ற கணக்கே தலைகீழாகப் போடப்பட்டிருக்கிறது. கொடுமைதான் மேலோட்டமானது. அது எப்படி உற்பத்தியாகிறது என்பது நமக்கு நன்றாகவே தெரியும்.

1942 ஜூலை 13. போலந்தில் யூசெஃபூஃப் என்ற சிற்றூர். ஜெர்மனியின் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 101 விடிகாலையில் அங்கே லாரிகளில் வந்து இறங்குகிறது. ஏறத்தாழ ஐந்நூறு பேர். பெரும்பாலும் ஹாம்பர்க் நகரத்து நடுவயது ஆட்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், லாரி ஓட்டியவர்கள், குமாஸ்தாக்கள். வெறியர்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்த படை இல்லை. ராணுவத்துக்கு வயது தாண்டியவர்கள் என்பதால் போலீசுக்கு வந்தவர்கள். அவர்களுடைய மேஜர், வில்ஹெல்ம் டிராப், தழுதழுத்த குரலில் உத்தரவைச் சொல்கிறார். ஊரில் உள்ள யூதர்களில் வேலை செய்யத் தெம்புள்ள ஆண்களைத் தனியே பிரிக்க வேண்டும். பெண்கள், குழந்தைகள், கிழவர்களைச் சுட வேண்டும். சொல்லிவிட்டு யாரும் எதிர்பாராத ஒன்றையும் சொல்கிறார். வயதில் மூத்தவர்களில், இது தன்னால் முடியாது என்று நினைப்பவர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம்.

விலகியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். பிற்பாடு காட்டுக்குள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே முடியாமல் நழுவியவர்கள் இன்னும் கொஞ்சம் பேர். மற்றவர்கள் பொழுது சாய்கிறவரைக்கும் சுட்டார்கள். ஏறத்தாழ 1500 பேர் செத்தார்கள். விலகியவர்களை யாரும் சுவரோடு நிறுத்திச் சுடவில்லை, சிறைக்கு அனுப்பவில்லை. கோழை என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள், வேறு வேலைக்கு மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான்.

இருபது வருஷம் கழித்து ஹாம்பர்க்கில் அரசு வழக்கறிஞர்கள் இவர்களை விசாரித்தார்கள். அந்த வாக்குமூலங்களை வைத்துத்தான் கிறிஸ்டோஃபர் பிரௌனிங் என்ற வரலாற்றாசிரியர் 1992இல் தன் புத்தகத்தை எழுதினார். அதைப் படிக்கும்போது என்னைத் திடுக்கிட வைத்தது ரத்தம் இல்லை, காரணங்கள். எல்லாரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. கூட இருந்தவர்கள் முன்னால் கோழையாகத் தெரிய விரும்பவில்லை என்று ஒருத்தர். நான் சுடாவிட்டாலும் அவர்கள் செத்திருப்பார்கள் என்று ஒருத்தர். ஓர் உலோகத் தொழிலாளி தான் குழந்தைகளை மட்டுமே சுட்டதாகச் சொல்கிறார். பக்கத்தில் நின்றவர் தாயைச் சுடுவார், தாய் இல்லாமல் குழந்தை எப்படி உயிரோடு இருக்கும், ஆகவே தான் அதை விடுவித்ததாக அவருடைய கணக்கு. அவர் அங்கே பயன்படுத்திய ஜெர்மன் வினைச்சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. மீட்பது, இரட்சிப்பது. இயேசுவை மீட்பர் என்று சொல்ல ஜெர்மன்காரர்கள் பயன்படுத்தும் சொல் அதே வேரிலிருந்து வந்தது. பிரௌனிங் இதைச் சுட்டிக்காட்டிவிட்டு மேலே போய்விடுகிறார். எனக்குத்தான் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

இதில் ஆழம் எங்கே இருக்கிறது? ஓர் உத்தரவு, ஒரு லாரி, ஒரு பட்டியல், பக்கத்தில் நிற்பவனின் பார்வை. இவ்வளவு போதும். 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் செய்த சோதனைக்கு லாரிகூடத் தேவைப்படவில்லை. சாம்பல் நிற கோட் போட்ட ஒருத்தர் 'தொடருங்கள்' என்றார், நாற்பதில் இருபத்தாறு பேர் 450 வோல்ட் வரை போனார்கள். (மின்சாரம் பொய், அது அவர்களுக்குத் தெரியாது.) நான் மென்பொருள் துறையில் இருப்பவன். ஒரே நாளில் நிறைய பேரை வீட்டுக்கு அனுப்பும் கூட்டங்களின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதைப் படுகொலையோடு ஒப்பிட எனக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அங்கேயும் கவனித்தது இதைத்தான்: கொடுமை ஒருபோதும் காரணம் இல்லாமல் வராது. கையில் கோப்போடு வரும். அதற்கென்று ஒரு மொழி இருக்கும், ஒரு ஸ்லைடு இருக்கும்.

இப்போது அதே 1942, அடுத்த மாதம். பிரான்சின் தென்மத்தியில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு பீடபூமி, அதில் லெ ஷாம்போன் என்ற கிராமம். குளிர், ஏழ்மை, உருளைக்கிழங்கு. ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஹூகநோக்கள், அதாவது கத்தோலிக்க பிரான்சில் சிறுபான்மையாகிப்போன புராட்டஸ்டன்ட்காரர்கள். 1940 ஜூன் 22 அன்று பிரான்ஸ் ஜெர்மனியோடு போர்நிறுத்தம் செய்து மண்டியிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊர்ப் போதகர் ஆந்த்ரே த்ரோக்மேயும் அவருடைய சகபோதகர் எதுவார் தேய்ஸும் ஆலயத்தில் சொன்னதன் சாரம், மனசாட்சிக்கு எதிரான உத்தரவுகளை நாம் எதிர்ப்போம், ஆனால் எதிராளியை வெறுக்க மாட்டோம் என்பது. அதிலிருந்து நாலு வருஷம் அந்தப் பீடபூமி அகதிகளை ஒளித்து வைத்தது. பண்ணை வீடுகளில், பள்ளி விடுதிகளில், வைக்கோல் பரணில். ஆயிரக்கணக்கானவர்கள், அதில் பெரும்பகுதி யூதர்கள். 1942 ஆகஸ்டில் விஷி அரசின் போலீஸ் பஸ்களோடு வந்து யூதர்களின் பட்டியலைக் கேட்டது. த்ரோக்மே கொடுக்கவில்லை. நாள்கணக்கில் தேடிவிட்டுக் கிட்டத்தட்ட வெறுங்கையோடு திரும்பியது.

பிறகு கைதும் நடந்தது, சாவும் நடந்தது. 1943 பிப்ரவரியில் த்ரோக்மே, தேய்ஸ் இருவரையும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அரசுக்குக் கீழ்ப்படிவோம் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். இருவரும் போடவில்லை. (அப்புறம் எப்படியோ விட்டுவிட்டார்கள். வரலாற்றில் இப்படியும் நடக்கும்.) அந்த ஜூனில் ஒரு மாணவர் விடுதியில் கெஸ்டபோ புகுந்தபோது அதன் பொறுப்பாளர், போதகரின் உறவினர் தானியேல் த்ரோக்மே, தன் மாணவர்களோடு பிடிபட்டார். 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் இறந்தார்.

இந்த ஊரைப் பற்றி 1979இல் புத்தகம் எழுதிய பிலிப் ஹாலியை நம் 'மனித மன ஆழம்' கோஷ்டிக்கு நான் கட்டாயம் சிபாரிசு செய்வேன். ஏனென்றால் அவர் அந்தக் கோஷ்டியிலிருந்து வந்தவர். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர். வருஷக்கணக்காகக் கொடுமையைப் பற்றி ஆராய்ந்தவர். முகாம்களில் குழந்தைகள்மேல் நடந்த மருத்துவச் சோதனைகளை ஆவணம் ஆவணமாகப் படித்துப் படித்து, ஒரு கட்டத்தில் தனக்கு எதுவுமே உறைக்காமல் போய்விட்டதை உணர்ந்தவர். அப்போது இந்தக் கிராமத்தைப் பற்றிய ஒரு சின்னக் கட்டுரை கையில் கிடைக்கிறது. படிக்கும்போது கன்னத்தில் ஏதோ தூசு என்று துடைக்கப் போனால், கண்ணீர். கொடுமையைப் படித்து வறண்டுபோனவர் இதைப் படித்து அழுகிறார். மிகையுணர்ச்சி என்று சொல்லிவிட்டு அவர் புத்தகத்தை மூடவில்லை. பிரான்சுக்குக் கிளம்பிப் போனார். கொடுமையின் எதிர்ப்பதம் கொடுமை இல்லாமல் இருப்பது அல்ல, விருந்தோம்பல்தான் என்ற முடிவுக்கு வந்தார். விருந்தோம்பலைக் குறளில் ஓர் அதிகாரமாக மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய நமக்கு, அந்தச் சொல்லுக்கு இவ்வளவு எடை இருப்பது ஓர் அமெரிக்கர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

அந்த ஊர்க்காரர்களிடம் போய், ஏன் செய்தீர்கள் என்று கேட்டார் ஹாலி. அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. 'நல்லவர்கள்' என்று சொன்னால் நெளிந்தார்கள், சிலர் எரிச்சலே பட்டார்கள். வேறு யார் செய்வது, வாசலில் வந்து நின்றால் என்ன பண்ணுவது என்கிற மாதிரிதான் பதில். பட்டாலியன் 101இன் ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொருத்தரிடமும் விளக்கம் குவிந்து கிடந்தது. இங்கே உயிரைப் பணயம் வைத்தவர்களிடம் ஒரு வாக்கியம்கூட உருப்படியாக இல்லை.

விளக்கங்களை நாம் கொடுக்கலாம், நிறையவே இருக்கின்றன. ஹூகநோக்கள் தாங்களே வேட்டையாடப்பட்டவர்கள். 1685இல் பதினான்காம் லூயி அவர்களுடைய வழிபாட்டுரிமையைப் பறித்தபிறகு நூறு வருஷம் ஒளிந்து வாழ்ந்தார்கள். மரி தூராந் என்ற பெண்ணை 1730இல் ஒரு கோபுரத்தில் அடைத்தார்கள், முப்பத்தெட்டு வருஷம் கழித்துத்தான் வெளியே விட்டார்கள். அந்த நினைவு ஊரின் ரத்தத்தில் இருந்தது என்பது உண்மை. ஆனால் வேட்டையாடப்பட்ட சமூகங்கள் எல்லாமே அடுத்து வந்தவனுக்குக் கதவு திறந்திருக்கின்றனவா? துன்பப்பட்ட நினைவு துப்பாக்கியும் எடுக்கச் சொல்லும். பரிணாமவியல் விளக்கத்தையும் நான் மதிக்கிறேன். உறவினரைக் காப்பது, கைம்மாறு எதிர்பார்த்து உதவுவது எல்லாம் சரி. மனுஷனுக்குக் கதவு திறக்கும் கை எப்படி வந்தது என்று அது சொல்லும். அன்று பனியில் அந்தக் கை ஏன் திறந்தது, பக்கத்து ஊர்க் கை ஏன் திறக்கவில்லை என்று சொல்லாது.

இங்கேதான் கிறிஸ்தவத்தை இழுக்கிறேன். உடனே இரண்டு பக்கமிருந்தும் கல் வரும் என்று தெரியும். ஒரு பக்கம், கிறிஸ்தவக் கருணை எல்லாம் மதமாற்றத் தூண்டில் என்பவர்கள். இன்னொரு பக்கம், கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவனே நல்லவன் என்பவர்கள். மூன்றாவதாக, 'பிறக்கும்போதே பாவின்னு சொல்ற மதம்தானே' என்று கேட்கும் பகுத்தறிவு நண்பர்கள். நான் ஞானஸ்நானம் வாங்கியவன் இல்லை, வாங்கும் உத்தேசமும் இல்லை. நன்மையைப் பற்றி அந்த மரபு சொன்ன ஒரு விஷயம் சரியாக இருக்கிறது என்பதற்காகப் பேசுகிறேன்.

மாற்கு நற்செய்தியில் ஒரு பணக்காரர் ஓடிவந்து முழந்தாளிட்டு, இயேசுவை நல்ல போதகரே என்று கூப்பிடுகிறார். இயேசு முதலில் செய்வது அந்த அடைமொழியைத் திருப்பிக் கொடுப்பதுதான். என்னை ஏன் நல்லவன் என்கிறாய், கடவுளைத் தவிர நல்லவர் யாருமில்லை என்கிறார். மத்தேயு 25இல் கடைசித் தீர்ப்பு நாள். பசித்தவனுக்குச் சோறு போட்டவர்களை ராஜா பாராட்டினால் அவர்கள் முழிக்கிறார்கள். எங்களுக்கு ஞாபகமே இல்லையே, எப்போது செய்தோம் என்று கேட்கிறார்கள். நன்மைக்குத் தன் முகம் தெரியாது. லெ ஷாம்போன் விவசாயிகள் ஹாலியின் முன்னால் நெளிந்தது அடக்கத்தால் இல்லை. நிஜமாகவே அவர்களுக்கு அது தெரியவில்லை.

நல்ல சமாரியன் கதையைப் பள்ளி நாடகங்களில் போட்டுப் போட்டுச் சப்பென்று ஆக்கிவிட்டார்கள். அடிபட்டுக் கிடப்பவனை ஆசாரியன் பார்த்துவிட்டு விலகிப் போகிறான், லேவியனும் போகிறான், யூதர்கள் தீண்டத்தகாதவனாக நினைத்த சமாரியன் நிற்கிறான். கதை முடிந்ததும், இவர்களில் யார் அயலான் என்று இயேசு கேட்கிறார். நியாயசாஸ்திரியின் வாயில் 'சமாரியன்' என்ற சொல் வரமாட்டேன் என்கிறது. இரக்கம் காட்டினவன் என்று சுற்றிவளைத்துச் சொல்கிறான். தன் சாதிக்குக் கீழே என்று நினைத்தவனிடம் உதவி வாங்கிய அத்தனை பேரும் இப்படித்தான் பேர் சொல்லாமல் 'அந்தத் தம்பி' என்பார்கள். சமாரியன் ஏன் நின்றான் என்று கதையில் காரணமே கிடையாது. இருப்பது ஒரு வினைச்சொல்தான். சுவிசேஷத்தின் கிரேக்க மூலத்தில் மனமிரங்குவதற்கு வரும் அந்தச் சொல் குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் இதை விளக்கவே வேண்டாம். 'பார்த்ததும் வயிறு கலங்கிருச்சு' என்று நம் அம்மாக்கள் சொல்கிறார்களே, அதுதான். மூளைக்குப் போய்க் காரணம் எடுத்துக்கொண்டு வருவதற்குள் வயிறு முடிவெடுத்துவிடுகிறது.

அகஸ்டின் பதினாறு வயதில் பேரிக்காய் திருடிய கதை இதன் மறுபக்கம். பசி இல்லை, காயும் ருசி இல்லை, பறித்ததைப் பன்றிக்குப் போட்டார்கள். நடுவயதில் உட்கார்ந்து அந்த ராத்திரியைப் பக்கம் பக்கமாகக் குடைகிறார். ஏன் செய்தேன்? கடைசியில் அவருக்குக் கிடைப்பது, தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்பது. கூட்டாளிகள் இருந்தார்கள், போகலாம் வாடா என்றார்கள். தீமைக்குச் சொந்தமாக ஒரு சரக்கு கிடையாது, பார்வை இல்லாததைக் குருடு என்கிற மாதிரி நன்மை இல்லாததைத்தான் தீமை என்கிறோம் என்று அவர் பிற்பாடு சொன்னதைப் பேரிக்காயோடு சேர்த்துத்தான் நான் படிப்பது. யூசெஃபூஃப் காட்டில் நின்றவர்களும் கூட்டாளிகள் முன்னால் வெட்கப்பட்டவர்கள்தான்.

பிறவிப் பாவம் என்ற கருத்தைக் குழந்தைமேல் போட்ட பழியாக மட்டும் படித்தால் எனக்கும் அது பிடிக்காது. ஆனால் அதற்குள் ஒரு சமத்துவம் இருக்கிறது. யாருக்கும் விதிவிலக்கு இல்லை. பட்டாலியன் 101ஐ ராட்சசர்கள் என்று சொல்பவன் அந்த வரிசையிலிருந்து தன்னைக் கழற்றிக்கொள்கிறான். 'மனுஷன் இவ்வளவுதான் ப்ரோ' என்று பதிவு போடுபவனும் அதையேதான் செய்கிறான். அவன் எப்போதும் கேலரியில் உட்கார்ந்திருக்கிறான், மைதானத்தில் இல்லை. எல்லாரும் கொடூரமானவர்கள் என்று சொல்லிவிட்டால் நான் இன்றைக்கு யாருக்கும் கதவு திறக்க வேண்டியதில்லை. கசப்பு ரொம்ப வசதியான நாற்காலி.

சரி, கிறிஸ்தவர்களுக்கு இந்த நன்மை தெரிந்திருக்கிறதா? 1994இல் ருவாண்டாவில் துத்சி மக்கள் அடைக்கலம் தேடி ஆலயங்களுக்குள் ஓடினார்கள். என்தராமாவிலும் நியாமாட்டாவிலும் அந்த ஆலயங்களுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். முகொனேரோவில் அடைபட்டிருந்த துத்சி போதகர்கள் தங்கள் சபைத் தலைவர் எலிசாஃபான் நிதாகிருதிமானாவுக்குக் கடிதம் எழுதி, எங்களுக்காகப் பேசுங்கள் என்று கெஞ்சினார்கள். 2003இல் சர்வதேச நீதிமன்றம் இனப்படுகொலைக்குத் துணைபோன குற்றத்தில் அந்தப் போதகருக்குப் பத்து வருஷம் தண்டனை கொடுத்தது. நம்மூரில் செத்தபிறகும் சாதி பார்க்கக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் எழுப்பியவர்கள் ஞாயிறுதோறும் நற்கருணை வாங்குபவர்கள்தான். ஊழியக்காரர்கள் இதற்கெல்லாம் 'அவங்க நிஜ கிறிஸ்தவங்க இல்லை' என்று நழுவுவார்கள். நழுவ விடக்கூடாது. சமாரியன் கதையில் விலகிப் போன இருவருமே கோயில் ஆட்கள் என்பது தற்செயல் இல்லை.

1973இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதையே கொஞ்சம் நக்கலாகச் செய்துகாட்டியது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் நாற்பது பேரை டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் பக்கத்துக் கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பே நல்ல சமாரியன். வழியில் ஒருத்தர் முனகிக்கொண்டு சுருண்டு கிடக்கிறார், ஏற்பாடு செய்த ஆள். அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் உதவினார்கள். 'நேரமாச்சு, ஓடு' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். தலைப்பு எந்தக் குறிப்பிடத்தக்க வித்தியாசத்தையும் உண்டாக்கவில்லை. எங்கள் துறையில் எல்லாருக்கும் எப்போதும் நேரமாச்சு. இதைப் படித்த அன்றைக்கு என் அலுவலகக் காலண்டரைத் திறந்து பார்த்துச் சிரித்தேன், வேறென்ன செய்வது.

தஸ்தயேவ்ஸ்கியை வைத்து என்னை மடக்கலாம். நம் வட்டத்தில் இவான் கரமசோவை ஒப்பிக்காதவர்கள் குறைவு. சித்திரவதை செய்யப்பட்ட ஒரு குழந்தையின் கண்ணீருக்கு எந்தச் சொர்க்கமும் ஈடில்லை, ஆகவே நுழைவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்ற இடம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நாவலிலும் யாரிடமும் இல்லை. ஆனால் இவானை ஒப்பிப்பவர்கள் அவன் சொன்ன மகா விசாரணையாளர் கதையின் முடிவை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். அவ்வளவு பெரிய வாதத்துக்குக் கைதியாக நிற்கும் இயேசு ஒரு சொல்கூடப் பதில் சொல்வதில்லை. எழுந்து வந்து கிழவரின் உதட்டில் முத்தமிடுகிறார். வாதமாகப் பார்த்தால் தோல்விதான். தஸ்தயேவ்ஸ்கிக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

ஹாலியும் அமைதியாகிவிடவில்லை. இரண்டாம் உலகப்போரில் பீரங்கிப் படையில் இருந்தவர் அவர், ஜெர்மானியர்களைக் கொன்றவர். ஹிட்லரை நிறுத்தியது லெ ஷாம்போன் இல்லை, தன்னைப் போன்றவர்களின் குண்டுகள்தான் என்ற எண்ணம் கடைசிவரை அவரை விடவில்லை. நியாயமான உறுத்தல்.

போதகரின் மனைவி மக்தா த்ரோக்மே இத்தாலியில் பிறந்தவர். பக்திப் பேச்சில் பெரிய நாட்டம் இல்லாதவர். 1940-41 குளிர்காலத்தில் அவர் வீட்டு வாசலில் பனி படிந்து ஒரு ஜெர்மன் யூதப் பெண் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டாள். மக்தா, வாங்க என்றார். அவ்வளவுதான் நடந்தது. மறுபடி ரேஷன் அட்டை கேட்டு மேயரிடம் போனார், மேயர் திட்டி, அந்தப் பெண்ணை ஊரைவிட்டு அனுப்பச் சொன்னார். செல்வாக்குள்ள ஒரு பிரெஞ்சு யூதப் பெண்மணியிடம் உதவி கேட்டார், வெளிநாட்டு யூதர்களால்தான் எங்களுக்குத் தொல்லை என்று அவரும் கையை விரித்தார். கடைசியில் அந்த முதல் ஆளை அவர்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை, அவள் கிளம்ப வேண்டியதாயிற்று. போலி ஆவணம், ஒளிவிடம் எல்லாம் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டவை. அன்றைக்கு வந்தவளின் நனைந்த காலணிகளைக் காய வைக்க அடுப்புக்குள் வைத்திருந்தார்கள். பேச்சு மும்முரத்தில் மறந்துவிட்டார்கள், கருகிவிட்டன. போர்க்காலம், தோல் காலணி காசு கொடுத்தாலும் கிடைக்காது, வெளியே பனி. கருகிய வாடை அடித்ததும் மக்தா போட்டது போட்டபடி ஊருக்குள் ஓடினார், யார் வீட்டிலாவது ஒரு ஜோடி இருக்குமா என்று.